அத்தா ஆத்தாவான கதை

புத்தகம் படித்துவிட்டு அழுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். படிக்கும்போதே தூங்கிவிடுகிறவர்கள் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள். புத்தகத்தோடு மல்லுக்கு நிற்கிற ஆள் என்று எனக்குத் தெரிந்தது கமருன்னிசா ஒருத்திதான். திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் வருகிற ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து படித்துக்கொண்டே வருவாள். பஸ் காவிரிப் பாலத்தில் ஏறும்போது திடீரென்று "அடப்பாவி!" என்று ஒரு சத்தம் வரும். முன் சீட்டுக்காரர் தன்னைத்தான் சொல்கிறாள் என்று பயந்து எழுந்து நின்றதும் உண்டு. "உங்களை இல்லீங்க, நீங்க உக்காருங்க. இந்தாளைச் சொன்னேன்" என்று பின்னட்டையில் சிரித்துக்கொண்டிருக்கிற எழுத்தாளரின் படத்தைக் காட்டுவாள்.

என் பெயர் வள்ளிக்கண்ணு. கமருவும் நானும் திருச்சி டெலிபோன் ஆபீஸில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. டிரங்க் கால் காலத்தில் காதில் மாட்டிய ஹெட்போனை, செல்போன் வந்து எங்களை வீட்டுக்கு அனுப்புகிற வரை கழற்றவில்லை. இப்போது நான் ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டில் ஒரு ஃபிளாட்டில் இருக்கிறேன். அவள் பாலக்கரையில், பிறந்த வீட்டிலேயே இருக்கிறாள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் ஃபிளாட்டின் கீழ்த்தள ஹாலில் நாங்கள் பத்துப் பதினைந்து பேர் கூடி, படித்த புத்தகங்களைப் பற்றிப் பேசுவோம். கூட்டத்தை நடத்துவது நான். கதையும் கவிதையும் கிடையாது, நிஜத்தை எழுதிய புத்தகம் மட்டும்தான் என்று விதி போட்டவள் கமரு.

அவள் புத்தகம் படிக்கிற விதமே தனி. எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் முதலில் ஒரு கேள்வி கேட்பாள். "இவனுக்குச் சோறு யாரு ஆக்கிப் போட்டா?" போன வருஷம் ஜெயக்குமார் சார் ஒரு முன்னேற்றப் புத்தகம் கொண்டுவந்து கொடுத்தார். அவர் பேங்க்கில் மேனேஜராக இருந்து ரிட்டையர் ஆனவர். முன்னேறி முடித்த பிறகும் முன்னேற்றப் புத்தகங்களை விடாதவர். விடியற்காலை எழுந்து, முதல் ஒரு மணி நேரத்தை நமக்கென்று வைத்துக்கொண்டால் வாழ்க்கையே மாறிவிடுமாம். அடுத்த கூட்டத்தில் கமரு எழுந்து அந்த எழுத்தாளரைப் பிடிபிடியென்று பிடித்தாள்.

"காலைல எந்திரிச்சு மொட்டை மாடியில கண்ணை மூடிக்கிட்டு உக்காந்தாராம். சரி. கீழ இறங்கி வந்தா மேசையில காப்பி இருந்துச்சாம். எப்படி சார் இருந்துச்சு? அதுவா நடந்து வந்துச்சா? அந்தப் பொம்பளை இவருக்கு முன்னாடி எந்திரிச்சிருக்கா இல்ல? அவ வாழ்க்கை எதுல சார் மாறுச்சு?"

ஜெயக்குமார் சார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். பாவம், அவர் வீட்டிலும் காப்பி மேசையில்தான் இருக்கும்.

காவிரியைப் பற்றி ஒருவர் எழுதிய புத்தகத்தை நான்தான் அவளுக்குக் கொடுத்தேன். முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிற இடத்தில் நின்று அவர் கண்ணீர் விட்டாராம், பக்கம் பக்கமாக. "நானும் முக்கொம்புக்குப் போயிருக்கேன்டி. கண்ணுல தண்ணி வந்துச்சு, மீன் வறுக்கிற புகையில" என்றாள். பெரிய பதவியில் இருந்த ஒரு அதிகாரியின் தன்வரலாற்றைத் தடித்தடியாக இரண்டு பாகம் படித்து முடித்துவிட்டு, அவருடைய மனைவி சமர்ப்பணப் பக்கத்தில் ஒருமுறை வந்ததோடு சரி, அதற்குப் பிறகு அந்த அம்மா உயிரோடு இருந்தாரா இல்லையா என்றே தெரியவில்லை என்று ஒரு வாரம் புலம்பினாள். நானும் லேசுப்பட்டவள் இல்லை. முசிறிப் பக்கம் நெல் விதைக்கிற வீட்டில் பிறந்த என்னைப் பார்த்து, அரிசி ஒரு வெள்ளை விஷம் என்று எழுதியிருந்த டாக்டரின் புத்தகத்தைக் கொண்டுபோய்க் காய்கறிக் கூடைக்கு அடியில் விரித்தேன். ஆனால் கமருவுக்கு வருகிற கோபம் என்னுடையது மாதிரி இல்லை. என் கோபம் சாயங்காலத்துக்குள் ஆறிவிடும். அவளோ, புத்தகத்தில் இல்லாமல் போன ஆளுக்காகப் பல நாள் பேசுவாள்.

அது ஏன் என்று தெரிய அவள் அம்மாவைத் தெரிய வேண்டும். ஜுலைகா பீவி. அவர்கள் ராவுத்தர் குடும்பம். எங்கள் ஊரில் ராவுத்தர் வீடுகளில் அம்மாவை அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பாவை மட்டும் அத்தா என்பார்கள். கமருவின் அத்தா, அவள் சின்னப் பெண்ணாக இருக்கும்போது சம்பாதிக்கப் போகிறேன் என்று பினாங்குக்குக் கப்பல் ஏறினார். முதலில் கடிதம் வந்தது, பிறகு பண்டிகைக்கு மட்டும் வந்தது. பிறகு அங்கே இன்னொரு நிக்காஹ் செய்துகொண்டார் என்கிற செய்தி வந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. இங்கே ஜுலைகா அம்மாவுக்கு மூன்று பிள்ளைகள். கமருதான் மூத்தவள்.

காந்தி மார்க்கெட்டிலிருந்து மூட்டை மூட்டையாகப் பூண்டு வீட்டுக்கு வரும். உரித்துக் கொடுத்தால் ஹோட்டல்காரர்கள் வந்து எடுத்துப்போவார்கள். அந்த அம்மா உட்கார்ந்து உரித்தார். பூண்டுப் பால் பட்டு விரல் நுனியெல்லாம் வெந்துபோய்த் தோல் கழன்று நிற்கும். சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டியால் ஊட்டிவிடுவார் என்று கமரு சொல்லியிருக்கிறாள். அந்த விரல்களோடுதான் மூன்று பேரையும் படிக்க வைத்தார். டெலிபோன் ஆபீஸ் வேலைக்கு ஆர்டர் வந்தபோது தெருவில் நாலு பேர் வந்து, பொட்டப்புள்ளையை ஆபீஸுக்கு அனுப்புவதா என்று கேட்டார்கள். "நீங்க சோறு போடுவீங்களா? அப்ப வழியை விடுங்க" என்று சொல்லி, கமருவின் கையில் சாப்பாட்டு டப்பாவைக் கொடுத்து அனுப்பியவர் அவர். சென்னை எக்ஸ்சேஞ்ச் வழியாகக் கமரு எத்தனையோ வீடுகளுக்குப் பினாங்கு லைன் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். தனக்கென்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அந்த ஊர்ப் பெயரைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் மாறும். பக்கத்து நாற்காலியில் இருந்த எனக்கு அது தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சென்னையில் ஒரு கல்லூரியில் பேராசிரியையாக இருக்கிற பவித்ரா என்கிற பெண் வந்தாள். பழைய திருச்சியில், வீட்டை விட்டு முதன்முதலாக வேலைக்குக் கிளம்பிய பெண்களைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறாளாம். மரியாதையான பெண், பேசினால் காது கொடுத்துக் கேட்கிற பெண் என்று நானே சர்டிபிகேட் கொடுத்துக் கமரு வீட்டுக்கு அழைத்துப் போனேன். ஜுலைகா அம்மா அப்போது கண் ஆபரேஷன் முடிந்து, புத்தூரில் மகன் ஹாலித் வீட்டில் இருந்தார். அதனால் பவித்ரா அவரைப் பார்க்கவில்லை. போனை மேசையில் வைத்து ரெக்கார்ட் செய்தாள். கமரு பொழுது போவது தெரியாமல் பேசினாள். போட்ட பிரியாணியையும் அந்தப் பெண் நன்றாகச் சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு கமருவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஊரான் எழுதிய புத்தகத்தையெல்லாம் கிழித்துத் தோரணம் கட்டியவள், தானே ஒரு புத்தகத்தில் வரப்போகிறாள். "என்னையும் யாராவது பஸ்ஸுல படிச்சிட்டு அடிப்பாவின்னு கத்துவாங்கடி" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பாலக்கரையில் அவளுக்குத் தெரிந்தவர் ஒருவர் விடாமல் சொல்லி வைத்தாள். அம்மாவுக்கும் சொன்னாள். "உங்களைப் பத்தித்தாம்மா ரொம்பப் பேசினேன்" என்றாள்.

புத்தகம் கூரியரில் வந்தது. பெயர் 'நிலைப்படி தாண்டியவர்கள்'. அன்றைக்கு மத்தியானம் கமருவிடமிருந்து போன் வந்தது.

"கமரு? என்னடி?"

"வள்ளி... எங்கம்மா என்னைப் பெக்கலையாம்டி."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆட்டோ பிடித்துக்கொண்டு ஓடினேன். புத்தகத்தைப் பிடுங்கிப் படித்தேன். கமரு சொன்னதாக அதில் இப்படி அச்சாகியிருந்தது: "எங்க ஆத்தா எங்களை விட்டுட்டுப் பினாங்கு போயிட்டாங்க. அங்கேயே ஒரு நிக்காஹ் பண்ணிக்கிட்டாங்க. அப்புறம் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கல. அம்மாதான் எங்களை வளர்த்தாங்க."

ஆத்தா! அத்தா இல்லை, ஆத்தா! அப்பன் அம்மாவாகிவிட்டான்! போயிட்டாங்க, பண்ணிக்கிட்டாங்க என்று நாம் மரியாதையாகப் பேசுகிறோம் பாருங்கள், அதில் ஆணா பெண்ணா என்று எங்கே தெரிகிறது? அந்த ஓர் எழுத்து மட்டும்தான் ஆணையும் பெண்ணையும் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தது. அதையும் மாற்றிவிட்டார்கள். அதற்குக் கீழே அந்தப் பெண் தன் சொந்த அறிவைக் காட்டி அஞ்சாறு பக்கம் எழுதியிருந்தாள். என் ரத்தம் கொதித்தது.

"பழைய நகரத்தின் நெருக்கமான சந்து ஒன்றிலிருந்து, குடும்பத்தின் கட்டுகளை உதறிவிட்டுக் கடல் கடந்து சென்ற அந்தப் பெயர் தெரியாத பெண், தன் காலத்தை மீறியவள். தன் வாழ்வைத் தானே தேர்ந்தெடுத்தவள்" என்று ஒரு பத்தி. கமருவின் அத்தா சபலம் பிடித்துப் போய்ச் செய்த காரியம், பெண் விடுதலையாகிவிட்டது. அடுத்த பத்தி அதைவிட மோசம். "கமருன்னிசாவின் பேச்சில் தந்தை என்பவர் ஓரிடத்திலும் வருவதில்லை. இந்த மௌனம் கனமானது." மௌனமாவது மண்ணாங்கட்டியாவது! வாய் ஓயாமல் அத்தா அத்தா என்று திட்டித் தீர்த்திருக்கிறாள், அதையெல்லாம் அம்மா கணக்கில் எழுதிவிட்டு மௌனமாம்!

அதற்கும் அடுத்த பத்தியைத்தான் கமரு விரலால் தொட்டுக் காட்டினாள். "ஆத்தா விட்டுச்சென்ற இடத்தை நிரப்ப வந்த வளர்ப்புத்தாயோ, வீட்டுக்குள்ளேயே அமர்ந்து பூண்டு உரித்து, பழைய வாழ்க்கை முறைக்குள் அடங்கிப்போனவர்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அந்த இடத்திலேயே பவித்ராவுக்குப் போன் போட்டேன். அம்மா வீட்டில் இல்லாத நேரம், ஸ்பீக்கரில் வைத்தேன்.

"ஏம்மா, அத்தான்னா யாரு உங்களுக்கு?"

"ஆத்தாதானே மேடம்? அம்மா."

"அத்தா! அ! அ-னா! அப்பா!"

அந்தப் பெண் திணறிக்கொண்டே சொன்னாள். அவள் கோயம்புத்தூர்க்காரி. அவள் வீட்டில் பெற்றவளை ஆத்தா என்றுதான் கூப்பிடுவார்களாம். கமரு பேசும்போதே அவள் காதுக்கு அது ஆத்தா என்றுதான் விழுந்ததாம். ரெக்கார்டிங்கைக் கேட்டு டைப் செய்தவர் அத்தா என்றுதான் அடித்திருந்தாராம். எழுத்துப்பிழை போலிருக்கிறது என்று இவளே உட்கார்ந்து எல்லா இடத்திலும் திருத்தினாளாம்.

"ஒரு போன் போட்டுக் கேக்கக் கூடாதாம்மா? ரெண்டு அம்மா எப்படி வந்தாங்கன்னு உங்களுக்கே ஒரு சந்தேகம் வரலையா?"

"அதைக் கேட்டா அவங்க மனசு கஷ்டப்படுமோன்னு நினைச்சேன் மேடம்."

நல்லா இருக்கு நியாயம்! கேட்டால் மனம் கஷ்டப்படுமாம். அச்சடித்து ஊருக்கெல்லாம் விற்றால் கஷ்டப்படாதாம். வாயில் வந்ததை அடக்கிக்கொண்டு போனை வைத்தேன். எந்தப் புத்தகத்தைப் பார்த்தாலும் சீறுகிற கமருவுக்கு, தன்னைப் பற்றிய புத்தகத்தைப் பார்த்துச் சீறத் தெரியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

அம்மாவுக்குத் தெரியாமல் சரிசெய்துவிட வேண்டும் என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே நினைப்பு. ஆனால் தெருவெல்லாம் புத்தகத்தைப் பற்றிச் சொல்லி வைத்திருந்தாளே, சும்மா விடுவார்களா? வாங்கிப் படித்திருக்கிறார்கள். ஒரு கல்யாண வீட்டில், நாலைந்து பேர் சேர்ந்து சாப்பிடுகிற பெரிய சஹன் தட்டைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருக்கும்போது, கமருவை அக்கா முறைக்கு லாத்தா என்று கூப்பிடுகிற பஸீலா என்கிற தூரத்து உறவுக்காரப் பெண் கேட்டுவிட்டாள். "ஏன் மாமி, கமரு லாத்தா உங்க வயித்துல பொறக்கலையா? புஸ்தகத்துலயே போட்டிருக்காங்களே?" பெரியவர்களுக்கு உண்மை தெரியும். அவர்கள் அவளை அதட்டினார்கள். சின்னப் பெண்கள் மட்டும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். அச்சில் வந்துவிட்டதே!

மறுநாள் ஜுலைகா அம்மா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். ஆபரேஷனுக்குப் பிறகும் அவருக்குச் சின்ன எழுத்து தெரியாது.

"வள்ளி, அதைப் படிம்மா. கமரு படிக்க மாட்டேங்குறா."

"வேணாம்மா. அது தப்பு தப்பா எழுதியிருக்கு."

"தப்பா எழுதினது என்னைப் பத்தித்தானே? படி."

படித்தேன். கமரு அடுப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வளர்ப்புத்தாய் என்கிற இடம் வந்ததும் ஒருமுறை நிறுத்தி அவரைப் பார்த்துவிட்டுத்தான் மேலே படித்தேன். அந்த அம்மா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கடைசிவரை கேட்டுவிட்டு, "அந்த ஓடிப்போனவளுக்குப் பேரு போட்டிருக்கா?" என்றார்.

"இல்லம்மா."

"பூண்டு உரிச்சவளுக்கு?"

"அவங்களுக்கும் இல்ல."

"மகராசன். பொண்டாட்டி புள்ளையை விட்டுட்டுப் போனான். இப்ப புஸ்தகத்துலயும் இல்லாம தப்பிச்சுட்டான் பாரு" என்றார். சிரிக்கிறாரோ என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு, நான் கூப்பிட்டதன் பேரில் பவித்ரா வரப்போகிறாள் என்று தெரிந்ததும், தானும் வருவதாகச் சொன்னார்.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் பவித்ரா போன் செய்தாள். பதிப்பகத்தில் பேசிவிட்டாளாம். அடுத்த அச்சில் அந்தப் பக்கங்களை எடுத்துவிடச் சம்மதித்துவிட்டார்களாம். கமரு வேலைக்குப் போன கதை மட்டும் இருக்குமாம். கமருவுக்கு உயிர் வந்தது. "எடுத்துட்டாப் போதும் வள்ளி. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்றாள். எனக்கும் அப்போது அதுவே பெரிய நியாயம் என்றுதான் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஹாலில் வழக்கத்தைவிடக் கூட்டம். ஜெயக்குமார் சார் முன் வரிசையில் ஜுலைகா அம்மாவுக்கு ஒரு மெத்தை வைத்த நாற்காலி போட்டிருந்தார். பவித்ரா எழுந்து, தான் செய்த தவறை ஒளிக்காமல் சொன்னாள். அவள் குரல் நடுங்கியதைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். நேராக அந்த அம்மாவின் முன்னால் வந்து நின்று, "என்னை மன்னிச்சிருங்கம்மா. அந்தப் பக்கம் எல்லாத்தையும் எடுத்துடறோம். இனிமே உங்களைப் பத்தித் தப்பா ஒரு வரி இருக்காது" என்றாள். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

ஜுலைகா அம்மா தட்டவில்லை. கைதட்டல் அடங்கட்டும் என்று இருந்தார்.

"தப்பா இருக்காது. சரி. சரியா இருக்குமா?"

பவித்ராவுக்குப் புரியவில்லை.

"நான் இருப்பேனா புள்ள, உன் புஸ்தகத்துல?"

"அது... இந்தப் புத்தகம் வீட்டை விட்டு வெளியே போன பெண்களைப் பத்தினதும்மா. நீங்க..." அவள் என்னைப் பார்த்தாள். நான் எங்கே போய் முட்டிக்கொள்வேன்? "நீங்க வீட்டுலயே இருந்தவங்க. கணவர் விட்டுட்டுப் போய், பிள்ளைகளைக் கஷ்டப்பட்டு வளர்த்தவங்க நிறையப் பேர் இருக்காங்கம்மா. அது இந்தப் புத்தகத்தோட அமைப்புக்குள்ள வராதுன்னு எடிட்டர் சொல்றாங்க."

பார்த்தீர்களா? ஓடிப்போனவள் என்று நினைத்தபோது அஞ்சாறு பக்கம், காலத்தை மீறியவள் என்று பட்டம். ஓடிப்போகவில்லை, இருந்து வளர்த்தாள் என்று தெரிந்ததும் இடமில்லை. நிறையப் பேர் இருக்கிறார்களாம்! நிறையப் பேர் இருந்தால் நிறையப் பக்கம் அல்லவா எழுத வேண்டும்? இதை நான் கத்திச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அந்த அம்மா பேசினார். கெஞ்சினார் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

"அப்ப எடுக்காதேம்மா. இருந்துட்டுப் போகட்டும். பெத்தவ இல்லைன்னு போட்டாலும் பரவால்ல. வளர்த்தவன்னாவது இருக்கேன் இல்ல அதுல?"

பவித்ரா அழுதாள். அழட்டும், எனக்கென்ன.

கமரு எழுந்தாள். அத்தனை நாளாக வராத கோபம் அப்போதுதான் அவளுக்கு வந்தது. நல்லவேளை, வந்தது.

"என் பக்கத்தையும் எடுத்துடுங்க" என்றாள்.

"மேடம், உங்க அத்தியாயம்தான் புத்தகத்திலேயே..."

"எடுத்துடுங்க. டெலிபோன் ஆபீஸுக்கு நான் நடந்து போனேன்னு எழுதியிருக்கீங்க. என்னை அனுப்பி வச்சது யாரு? எங்கம்மா வீட்டுல இருந்ததாலதான் நான் வெளிய போனேன். அவங்களுக்கு இடமில்லாத புஸ்தகத்துல நான் ஒருத்தி எதுக்கு? அவங்க வளர்ப்புத்தாயாகவும் இருக்க வேணாம், நான் யாரோ வானத்துலேர்ந்து குதிச்ச மாதிரியும் இருக்க வேணாம்."

"ஏன்டி, உன் பேராவது வரட்டும்டி" என்று அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தார். "ஊரெல்லாம் சொல்லி வச்சியேடி."

"சொன்னேன். இனிமே எடுத்துட்டாங்கன்னு சொல்றேன்."

அன்றைக்குக் கூட்டத்தை நான் முடிக்கவில்லை. அது தானாக முடிந்தது. பவித்ரா எடிட்டரிடம் மறுபடியும் பேசிப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள். பேசியும் இருப்பாள். அமைப்பு என்று சொன்னார்களே, அது இடம் கொடுக்கவில்லை போலிருக்கிறது.

இரண்டாம் அச்சு போன மாதம் வந்தது. வரிவரியாகத் தேடிப் படித்தேன். பிழை ஒன்றும் இல்லை. படிக்க வழவழவென்று நன்றாகப் போகிறது. படித்தவர்கள் பாராட்டுகிறார்கள். அதில் கமருன்னிசாவும் இல்லை, ஜுலைகா பீவியும் இல்லை. ஆனால் முதல் அச்சை வாங்கியவர்கள் எத்தனை பேரோ, அவர்கள் வீட்டு அலமாரியிலெல்லாம் கமருவின் அம்மா இன்னும் பினாங்குக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார். அந்த வீடுகளுக்கெல்லாம் போய்க் கதவைத் தட்டிச் சொல்ல என்னால் முடியாது. இங்கே சொல்கிறேன்.

திருச்சி பாலக்கரை கமருன்னிசாவைப் பெற்றவர் ஜுலைகா பீவி. வளர்த்தவரும் அவர்தான். விட்டுவிட்டுப் போனவர் அத்தா. அத்தா என்றால் அப்பா.